பூஞ்சை நொதியைத் தூய்மைப்படுத்துவது: எளிய அறிமுகம்

"இந்தப் பூஞ்சையிலிருந்து அமைலேஸ் நொதியைப் பிரித்தெடுத்தோம். அது 60 டிகிரியில், பிஎச் 5இல் சிறப்பாகச் செயல்படுகிறது." மாணவர்களின் ஆய்வறிக்கைகளில் இந்த இரண்டு வரிகள் அடிக்கடி கண்ணில் படும். செரிமான மாத்திரை அட்டையைத் திருப்பினால் 'ஃபங்கல் டயஸ்டேஸ் 1:1200' என்று அச்சிட்டிருக்கும். இணையத்திலோ, நொதி என்று பெயர் போட்டுவிட்டாலே உடம்புக்கு நல்லது என்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது. மூன்று இடத்திலும் குழப்பம் ஒன்றுதான்: எதை அளந்தார்கள், அந்த வேலையைச் செய்தது யார் என்று தெரியாமலே எண் மட்டும் ஊர் சுற்றுகிறது.

அந்த 'யார்' என்ற கேள்விக்குப் பதில் தேடும் வேலைதான் தூய்மைப்படுத்தல். நொதியை வலுவாக்குவதற்காகத் தூய்மைப்படுத்துகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நொதி அப்படியேதான் இருக்கும். அதைப் பற்றி நாம் சொல்கிற சொல்லுக்குத்தான் வலு கூடும். எப்படி என்று அடியிலிருந்து பார்ப்போம்.

## மாவுப்பொருளும் அதை வெட்டுபவையும்

மாவுப்பொருள், அதாவது ஸ்டார்ச், குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து உண்டான நீண்ட சங்கிலி. தாவரங்கள் சர்க்கரையை இப்படிக் கோத்துத்தான் விதையிலும் கிழங்கிலும் சேமிக்கின்றன. இதில் இரண்டு வகை உண்டு. கிளையில்லாமல் நீளும் சங்கிலிக்கு அமைலோஸ் என்று பெயர். அங்கங்கே கிளை பிரிந்து புதர்போல் பரவுவது அமைலோபெக்டின். பெரும்பாலான தாவரங்களின் மாவுப்பொருளில் ஏறக்குறைய முக்கால் பங்கு அமைலோபெக்டின்தான்.

ஒரு வேதிவினையை வேகப்படுத்தி, தான் அதில் செலவாகாமல் அடுத்த சுற்றுக்குத் தயாராக நிற்கும் புரதம் நொதி. அதற்கு உயிர் கிடையாது. 'நொதி செத்துப்போச்சு' என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், உண்மையில் நடப்பது புரதத்தின் மடிப்பு, அதாவது அதன் சங்கிலி மடிந்து எடுத்த வடிவம், கலைவதுதான். மாவுப்பொருளை வெட்டும் நொதிகளைப் பொதுவாக அமைலேஸ்கள் என்கிறோம். ஆனால் அவை எல்லாம் ஒரே மாதிரி வெட்டுவதில்லை. இந்தக் கட்டுரை முழுக்க இந்த வேறுபாடு தேவைப்படும் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும்.

ஆல்ஃபா அமைலேஸ் சங்கிலியின் நடுப்பகுதியில், கிடைத்த இடத்தில் வெட்டும். நான்கைந்து வெட்டு விழுந்தாலே பெரிய சங்கிலி துண்டு துண்டாகிவிடும். கெட்டியான மாவுக்கரைசல் சட்டென்று நீர்த்துப்போவது இதனால்தான். குளுக்கோஅமைலேஸின் வழி வேறு. அது சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குளுக்கோஸாகக் கழற்றிக்கொண்டே போகும். கிளை பிரியும் இடத்தையும் அதனால் வெட்ட முடியும், ஆனால் மெதுவாகத்தான். பூஞ்சைகள் பொதுவாக இந்த இரண்டையும் சேர்த்தே வெளியிடுகின்றன. சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

## ஏன் பூஞ்சை?

பூஞ்சைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. உணவை உள்ளே எடுத்துச் செரிக்க முடியாத உயிர், செரிமானத்தை வெளியே நடத்துகிறது: நொதிகளைச் சுற்றிலும் சுரந்து, பெரிய மூலக்கூறுகளை உடைத்து, கிடைக்கும் சர்க்கரையை இழைகளின் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. நமக்கு இதில் பெரிய வசதி. செல்லை உடைக்க வேண்டியதில்லை. வளர்ப்பு ஊடகத்தை வடிகட்டி இழைகளை நீக்கினால், வடிநீரில் நொதி கிடைத்துவிடும்.

அந்த நொதியைப் பூஞ்சை எப்போதும் சுரந்துகொண்டிருப்பதில்லை. ஊடகத்தில் குளுக்கோஸ் தாராளமாக இருந்தால் அமைலேஸ் உற்பத்தியை அது அடக்கிவிடும். கையில் இருக்கும் சர்க்கரையை விட்டு யார் சங்கிலியை வெட்டப் போவார்கள்? மாவுப்பொருளோ, இரண்டு குளுக்கோஸ் கோத்த மால்டோஸோ மட்டும் கொடுத்தால் உற்பத்தி ஏறும். 'என் பூஞ்சை அமைலேஸ் தரவில்லை' என்று கைவிடுவதற்கு முன் ஊடகத்தில் குளுக்கோஸ் எவ்வளவு என்று பார்ப்பது நல்லது.

இந்தத் துறையின் பழைய பெயர் ஜோகிச்சி டகாமினே. கோதுமைத் தவிட்டில் ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையை வளர்த்து அதன் நொதிக்கலவையைப் பிரித்தெடுக்கும் முறைக்கு 1894இல் அமெரிக்காவில் அவர் காப்புரிமை பெற்றார். 'டாக்கா-டயஸ்டேஸ்' என்ற பெயரில் அது செரிமான மருந்தாக விற்பனைக்கு வந்தது. மாத்திரை அட்டையில் இன்றும் நிற்கும் டயஸ்டேஸ் என்ற பெயர் அதற்கும் மூத்தது. 1833இல் பிரான்சில் பாயென், பெர்சோ என்ற இருவர், முளைத்த வாற்கோதுமைச் சாற்றில் ஆல்கஹால் சேர்த்து, மாவுப்பொருளைக் கரைக்கும் ஒரு பொருளைப் படிய வைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் அது.

ஓர் எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசேயின் நெருங்கிய உறவான ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ், அஃப்ளாடாக்சின் என்ற கல்லீரல் நஞ்சை உண்டாக்கக்கூடியது. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கடினம். வீட்டில் பூத்த பூஞ்சையை எடுத்துச் சோதனையில் இறங்க வேண்டாம். அடையாளம் உறுதியான வளர்ப்பை, ஆய்வகத்தில், உரிய பாதுகாப்போடு மட்டுமே கையாள வேண்டும்.

இதுவரை: மாவுப்பொருள் ஒரு குளுக்கோஸ் சங்கிலி. ஆல்ஃபா அமைலேஸ் நடுவில் வெட்டுகிறது. குளுக்கோஅமைலேஸ் முனையிலிருந்து கழற்றுகிறது. பூஞ்சை இரண்டையும், வேறு பல புரதங்களோடு சேர்த்து, வெளியே சுரக்கிறது.

## முகம் தெரியாத பாடகர்

வடிநீரில் பல வகைப் புரதங்கள் கலந்திருக்கின்றன. நமக்கு வேண்டியது ஒன்று. அது பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்று தெரியாது. அது செய்யும் வேலை மட்டும் தெரியும்.

ஒரு பெரிய கூட்டத்தில் யாரோ ஒருவர் பாடிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குரல் கேட்கிறது, ஆள் யாரென்று தெரியவில்லை. என்ன செய்யலாம்? கூட்டத்தை ஏதாவது ஒரு குணத்தை வைத்து இரண்டாகப் பிரித்து வெவ்வேறு அறைகளில் உட்கார வைக்கலாம். பாட்டு எந்த அறையிலிருந்து வருகிறது என்று கேட்டு, அந்த அறையை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். மிஞ்சியவர்களை உயரத்தை வைத்து மறுபடி பிரிக்கலாம், அப்புறம் உடையின் நிறத்தை வைத்து. ஒவ்வொரு முறையும் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை போகலாம்.

நொதித் தூய்மைப்படுத்தல் இதேதான். பிரிப்பதற்கு ஒரு குணம், கேட்பதற்கு ஒரு சோதனை, இரண்டும் மாறி மாறி. இந்த இரண்டில் புதியவர்கள் பிரிப்பதைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள். என் கணிப்பில் கேட்பதுதான் பெரிது. காது சரியில்லாதவர் எத்தனை முறை கூட்டத்தைப் பிரித்தாலும் தவறான அறையைத்தான் வைத்துக்கொள்வார்.

## கேட்பது: செயல்திறனை அளத்தல்

அமைலேஸுக்கு இரண்டு 'காதுகள்' வழக்கத்தில் உண்டு.

முதலாவது அயோடின். அமைலோஸ் சங்கிலி கரைசலில் சுருள் வடிவம் எடுக்கும். அந்தச் சுருளுக்குள் அயோடின் போய் உட்கார்ந்தால் அடர் நீலம். சங்கிலி நீளமாக இருந்தால்தான் நீலம் வரும். துண்டு குறையக் குறைய ஊதா, செம்பழுப்பு என்று மாறி, மிகச் சிறிய துண்டானதும் அயோடினின் வெளிர் மஞ்சள் மட்டும் மிஞ்சும். வெள்ளைப் பீங்கான் தட்டின் குழிகளில் ஒவ்வொரு சொட்டு அயோடின் விட்டு, நொதி கலந்த மாவுக்கரைசலை நிமிடத்துக்கு ஒரு சொட்டாக அடுத்தடுத்த குழியில் சேர்த்துக்கொண்டே போனால், நீலத்திலிருந்து மஞ்சள்வரை ஒரு வரிசை கண்முன் விரியும். பல வருடம் பார்த்தாலும் அலுக்காத காட்சி அது.

இரண்டாவது டிஎன்எஸ் சோதனை. சங்கிலியில் ஒவ்வொரு வெட்டு விழும்போதும் ஒரு புதிய 'ஒடுக்கும் முனை' உண்டாகும். அதாவது வேறொரு பொருளுக்கு எலக்ட்ரானைக் கொடுக்கக்கூடிய சர்க்கரை முனை. டைநைட்ரோசாலிசிலிக் அமிலம் கலந்த மஞ்சள் கரைசலோடு சேர்த்துக் கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்தால், முனைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மஞ்சள் செம்பழுப்பாக மாறும். அந்த நிறத்தை 540 நானோமீட்டர் ஒளியில் அளந்து, தெரிந்த அளவு சர்க்கரை வைத்துப் போட்ட வரைபடத்தோடு ஒப்பிட்டால் எத்தனை வெட்டு விழுந்தது என்று கணக்கிடலாம்.

இந்த இரண்டு சோதனையும் ஒன்றுக்கு மாற்றாக மற்றது என்று பாடத்திட்டங்களில் தோற்றம் தருகின்றன. அப்படி எடுத்துக்கொண்டால் நல்லதொரு தகவலை இழந்துவிடுவோம். ஆல்ஃபா அமைலேஸ் நடுவில் வெட்டுவதால், கொஞ்சம் வெட்டிலேயே சங்கிலி குட்டையாகி நீலம் மறைந்துவிடும். ஆனால் முனைகள் குறைவாகத்தான் உண்டாகியிருக்கும். குளுக்கோஅமைலேஸ் முனையிலிருந்து கழற்றுவதால் ஒடுக்கும் சர்க்கரை ஏராளமாகச் சேரும். நீலமோ நெடுநேரம் விடாது. ஒரே மாதிரியை இரண்டு சோதனையிலும் வைத்து ஒப்பிட்டால், எந்த நொதி முன்னணியில் நிற்கிறது என்று உடனே பிடிபடும். டிஎன்எஸ்ஸை மட்டும் பார்த்துவிட்டு 'ஆல்ஃபா அமைலேஸ் கிடைத்தது' என்று எழுதுவது ஆதாரமில்லாத பேச்சு.

காது ஏமாறும் இடங்களும் உண்டு. மாவுக்கரைசல் சூடாக இருந்தால் அயோடின் நீலம் தானாகவே மறையும், ஆறியதும் திரும்ப வரும். வைட்டமின் சி போன்ற பொருள்களும் அயோடின் நிறத்தைப் போக்கிவிடும். வடிநீரில் ஏற்கெனவே சர்க்கரை இருந்தால் நொதி ஒரு வெட்டுகூட வெட்டாமலே டிஎன்எஸ் சிவக்கும். இதற்காகத்தான் ஒப்பீட்டுக் குழாய்கள்: கொதிக்க வைத்து மடிப்பைக் கலைத்த நொதியோடு ஒரு குழாய், மாவுப்பொருள் இல்லாமல் ஒரு குழாய், நொதி இல்லாமல் ஒரு குழாய். இந்த மூன்றும் இல்லாத அளவீட்டை நம்பவே கூடாது.

நொதியை அளக்கும் அலகுக்கு 'யூனிட்' என்று பெயர். குறித்த வெப்பநிலையிலும் பிஎச்சிலும், ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் ஒடுக்கும் சர்க்கரையை உண்டாக்கும் நொதியின் அளவு ஒரு யூனிட் என்பது வழக்கமான வரையறை. யூனிட் எடையைக் குறிப்பதில்லை, வேலையைக் குறிக்கிறது. நிலைமையைச் சொல்லாமல் யூனிட்டை மட்டும் சொன்னால் பொருளே இல்லை. 1:1200 என்பதும் இப்படித்தான்: ஒரு பங்கு நொதித்தூள், வரையறுத்த சோதனை நிலைமையில், 1200 பங்கு மாவுப்பொருளைச் செரிக்கும் என்பது அதன் பொருள். அந்தத் தூளில் எத்தனை நொதிகள் கலந்திருக்கின்றன என்பதைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை.

இதுவரை: அயோடின் சங்கிலியின் நீளத்தைக் காட்டுகிறது, டிஎன்எஸ் வெட்டுகளின் எண்ணிக்கையைக் காட்டுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வெட்டும் விதம் தெரியும்.

## பிரிப்பது: நான்கு படிகள்

முதல் படியில் பெரும்பாலும் அம்மோனியம் சல்ஃபேட் உப்புதான். கரைசலில் புரதத்தைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் போர்த்தியிருக்கும். உப்பு கூடக் கூட, அது நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். போர்வை குறைந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கரைசல் பால்போல் கலங்கும். வெவ்வேறு புரதங்கள் வெவ்வேறு உப்பளவில் படிவதால் இதைப் படிப்படியாகச் செய்யலாம்.

கையைப் பழக்க வேண்டிய இடம் இது. பாத்திரத்தைப் பனிக்கட்டியில் வைத்து, கரைசல் மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்க, பொடித்த உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவ வேண்டும். ஒவ்வொரு சிட்டிகையும் கரைந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டுக் கொட்டினால் விழுந்த இடத்தில் உப்பு மிகையாகி, வேண்டாத புரதமும் சேர்ந்து படியும். நுரை பொங்கும்படி வேகமாகக் கலக்கினால், காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் புரதம் விரிந்து மடிப்பு கலையும். மையவிலக்கியில் சுழற்றினால் அடியில் பழுப்பு வண்டலும் மேலே தெளிநீரும் கிடைக்கும். வண்டலைக் கரைத்துச் சோதிக்கும் முன்பே தெளிநீரைக் கொட்டிவிடுகிற அவசரம் பலரிடம் உண்டு. இரண்டையும் சோதித்துப் பார்த்துவிட்டு, பிறகு முடிவு செய்யுங்கள்.

அடுத்து, சேர்த்த உப்பை நீக்க வேண்டும். வண்டலைக் கொஞ்சம் தாங்கல் கரைசலில், அதாவது பிஎச்சை மாறாமல் பிடித்து வைக்கும் கரைசலில், கரைத்து நுண்துளைப் பையில் கட்டி, பெரிய பாத்திரத் தாங்கல் கரைசலில் குளிரில் ஊறவிட்டால் உப்பு வெளியேறும். புரதம் பெரிதாகையால் உள்ளே நிற்கும். இதுதான் டயாலிசிஸ். வடிநீரிலிருந்து வந்த சர்க்கரையும் இதிலேயே போய்விடுவதால் டிஎன்எஸ் சோதனையின் தொல்லையும் குறையும்.

மூன்றாவது, மின்னேற்றத்தை வைத்துப் பிரிப்பது. பெரும்பாலான பூஞ்சை அமைலேஸ்கள் அமிலத்தன்மை கொண்ட புரதங்கள். நடுநிலைக்குப் பக்கத்தில் உள்ள பிஎச்சில் அவை எதிர்மின்னேற்றம் தாங்கி நிற்கும். நேர்மின்னேற்றம் கொண்ட மணிகள் நிரப்பிய கண்ணாடிக் குழல் வழியே விட்டால் மணிகளைப் பற்றிக்கொள்ளும். பிறகு உப்பின் அடர்வைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால், பிடிப்பு தளர்ந்தவை முதலிலும் இறுகப் பற்றியவை கடைசியிலும் இறங்கிவரும். இறங்கும் நீரைச் சிறுசிறு குழாய்களில் வரிசையாகப் பிடித்து, ஒவ்வொன்றிலும் புரத அளவையும் செயல்திறனையும் அளக்க வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் ஆல்ஃபா அமைலேஸும் குளுக்கோஅமைலேஸும் இரண்டு தனிச் சிகரங்களாகப் பிரிந்து வருவதை வரைபடத்தில் பல நேரம் பார்க்கலாம். ஒரே நொதி என்று எண்ணிக்கொண்டிருந்தது இரண்டாகக் கண்முன் பிரியும்போதுதான், இவ்வளவு மெனக்கெட்டதற்கு என்ன பயன் என்பது மாணவருக்கு உறைக்கும்.

நான்காவது, உருவ அளவை வைத்துப் பிரிக்கும் ஜெல் வடிகட்டல். இதில் மணிகளுக்குள் நுண்துளைகள் இருக்கும். சிறிய புரதம் துளைகளில் நுழைந்து நுழைந்து வருவதால் தாமதமாகும். பெரியது நுழைய முடியாமல் நேராக இறங்கி முதலில் வந்துவிடும். சல்லடை என்று நினைத்தால் தலைகீழாகப் புரிந்துகொள்வீர்கள். அமைலேஸுக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் உண்டு. 1959இல் அறிமுகமான, பெயர்பெற்ற செஃபடெக்ஸ் மணிகள் டெக்ஸ்ட்ரான் என்ற குளுக்கோஸ் சங்கிலியால் ஆனவை. சில அமைலேஸ்கள் அதையே உணவென்று பற்றிக்கொண்டு தாமதிக்கும். உண்மையான அளவைவிடச் சிறியவை போலத் தோன்றும்.

பாடகர் விஷயத்தில் இன்னொன்று. கூட்டத்தைப் பிரிக்கும்போது பக்கவாத்தியக்காரர் வேறு அறைக்குப் போய்விட்டால் பாட்டே நின்றுபோகலாம். ஆல்ஃபா அமைலேஸுக்குக் கால்சியம் அயனி அப்படிப்பட்ட துணை. புரதத்தின் மடிப்பை அது பிடித்து வைத்திருக்கிறது. கால்சியத்தைக் கவர்ந்துகொள்ளும் இடிடிஏ போன்ற பொருள் தாங்கல் கரைசலில் இருந்தால் செயல்திறன் சரியும். நொதி காணாமல் போய்விட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் கால்சியம் சேர்த்துப் பாருங்கள்.

## கணக்கு: எது குறைகிறது, எது கூடுகிறது?

மிகப் பரவலான தவறு இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. மொத்தச் செயல்திறன் ஒன்று, குறித்த செயல்திறன் வேறொன்று. ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு எத்தனை யூனிட் என்பதுதான் குறித்த செயல்திறன்.

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. வடிநீரில் 500 மில்லிகிராம் புரதம், 10,000 யூனிட் இருக்கிறது என்று வைப்போம். குறித்த செயல்திறன் 20. உப்புப் படிவுக்குப் பிறகு 150 மில்லிகிராம் புரதம், 7,500 யூனிட்: குறித்த செயல்திறன் 50. மின்னேற்றக் குழல் முடிந்ததும் 20 மில்லிகிராம், 5,000 யூனிட்: 250. ஜெல் வடிகட்டலுக்குப் பிறகு 6 மில்லிகிராம், 3,000 யூனிட்: 500.

யூனிட் 10,000இலிருந்து 3,000ஆகச் சரிந்துவிட்டது. கைக்கு வந்தது 30 சதவீதம். ஆனால் குறித்த செயல்திறன் 20இலிருந்து 500 ஆகிவிட்டது. 25 மடங்கு தூய்மை. நொதி 25 மடங்கு வலுவாகிவிட்டதாக இதைப் படிக்கக் கூடாது. ஒவ்வொரு நொதி மூலக்கூறும் முன்பு எப்படி வெட்டியதோ அப்படியேதான் வெட்டுகிறது. சுற்றி இருந்த வேறு புரதங்கள்தான் குறைந்திருக்கின்றன. 'மடங்கு' பெரிதாக இருந்தால் சிறந்த ஆய்வு என்பதும் தவறு. தொடக்க வடிநீரில் குப்பை அதிகமாக இருந்தாலே மடங்கு பெரிதாகத்தான் வரும்.

## ஒருவர்தான் மிஞ்சினாரா?

தூய்மைக்குச் சாட்சி சொல்ல வழக்கமாக அழைப்பது ஜெல் எலக்ட்ரோஃபோரசிஸ்: மின்புலத்தில், ஜெல் வழியே புரதங்களை ஓடவிட்டுப் பிரிக்கும் முறை. எஸ்டிஎஸ் என்ற சோப்பு போன்ற பொருள் புரதங்களை விரித்து எதிர்மின்னேற்றம் பூசிவிடும். அதன்பின் சிறியவை வேகமாகவும் பெரியவை மெதுவாகவும் ஓடும். சாயமேற்றினால் ஒரே ஒரு பட்டை தெரிய வேண்டும். ஒரே அளவுள்ள இரு புரதங்கள் ஒரே பட்டையில் ஒளிந்திருக்கலாம் என்பதால் இதுவும் முழுச் சாட்சி ஆகாது. பூஞ்சைப் புரதங்களில் சர்க்கரைக் கிளைகள் ஒட்டியிருப்பதும் வழக்கம். அவை ஓட்டத்தைத் தாமதப்படுத்தி, பட்டையைப் பட்டையாக்காமல் மங்கிய தீற்றலாக்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி வேறொன்று. எஸ்டிஎஸ் சேர்க்காமல், நொதி மடிப்புக் கலையாதபடி ஓடவிட்ட ஜெல்லை மாவுக்கரைசலில் ஊறவைத்து, பிறகு அயோடினில் முக்கினால், ஜெல் முழுக்கக் கருநீலமாகும். நொதி நிற்கும் இடத்தில் மட்டும் தெளிந்த வெள்ளைக் கோடு விழும். சாயம் காட்டும் புரதப் பட்டையும் இந்தக் கோடும் ஒரே இடத்தில் இருந்தால், பாடுபவர் அவரேதான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

இந்தக் கேள்வி ஒரு காலத்தில் பெரிய சர்ச்சையாக இருந்தது. தாவர நிறமிகளைப் பற்றிய ஆய்வுக்காக 1915இல் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர், நொதிகள் புரதங்களே அல்ல என்று வாதிட்டார். அவர் தயாரித்த கரைசல்களில் நொதி வேலை செய்தது. புரதச் சோதனை மட்டும் ஒன்றும் காட்டவில்லை. உண்மை என்னவென்றால், நொதி மிகச் சிறிய அளவிலேயே வேலையைக் காட்டிவிடும். அந்த அளவைக் கண்டுபிடிக்க அன்றைய புரதச் சோதனைகளுக்குத் திராணி இல்லை. 1926இல் ஜேம்ஸ் சம்னர் ஒரு வகை அவரை விதையிலிருந்து யூரியேஸ் நொதியைப் படிகமாக்கி, அது புரதம் என்று காட்டினார். ஏற்கப் பலரும் தயங்கினார்கள். 1930இல் ஜான் நார்த்ராப், இரைப்பையின் செரிமான நொதியான பெப்சினைப் படிகமாக்கிய பிறகு எதிர்ப்பு தளர்ந்தது. 1946இன் வேதியியல் நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது. நொதி என்றால் என்ன என்ற அடிப்படைக் கேள்விக்கே விடை தந்தது தூய்மைப்படுத்தல்தான்.

## தூய நொதியிடம் என்ன கேட்கலாம்?

முதலில் வெப்பநிலை. சூடு ஏற ஏற வினையின் வேகம் கூடும். அதே சூட்டில் புரதத்தின் மடிப்பும் கலையத் தொடங்கும். இந்த இரண்டின் இழுபறியில் கிடைக்கும் உச்சிதான் 'உகந்த வெப்பநிலை'. எவ்வளவு நேரம் சோதித்தோம் என்பதைப் பொறுத்து அந்த உச்சி நகரும். பத்து நிமிடச் சோதனையில் 60 டிகிரியில் உச்சி காட்டிய நொதி, இரண்டு மணி நேரச் சோதனையில் அதைவிடக் குறைந்த வெப்பத்தில் உச்சி காட்டக்கூடும். நீண்ட நேரத்தில் மடிப்பு கலைந்தவை அதிகம். ஆகவே 60 டிகிரியில் நன்றாக வேலை செய்கிறது என்பதும், 60 டிகிரியைத் தாங்குகிறது என்பதும் வேறு வேறு. இரண்டாவதைச் சொல்ல, நொதியை அந்தச் சூட்டில் தனியே வைத்திருந்து, அவ்வப்போது எடுத்து, மிஞ்சிய செயல்திறனை அளக்க வேண்டும். பிஎச் கதையும் இதேதான்.

அடுத்து, மாவுப்பொருளின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் வேகம் எப்படி மாறுகிறது என்ற கேள்வி. தொடக்கத்தில் வேகம் ஏறும். பிறகு எல்லா நொதி மூலக்கூறுகளும் வேலையில் மூழ்கிவிடுவதால் ஏற்றம் நின்றுவிடும். உச்ச வேகத்தின் பாதியை எட்டத் தேவையான வினைபடுபொருள் அடர்வை, 1913இல் இதை எழுதிய மைக்கேலிஸ், மென்டன் ஆகியோரின் நினைவாக மைக்கேலிஸ் மாறிலி என்கிறோம். கலவையில் இரண்டு அமைலேஸ் இருந்தால் இரண்டின் வளைகோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழும். அதிலிருந்து எடுக்கும் மாறிலி இரண்டில் எதற்கும் சொந்தமாகாது. கட்டுரைத் தொடக்கத்தில் பார்த்த இரண்டு வரிகளில் எனக்குள்ள குறை இதுதான்: தூய்மைப்படுத்தாத வடிநீரில் அளந்த 60 டிகிரியும் பிஎச் 5உம் கலவையின் குணம். அதை ஒரு நொதியின் பெயரில் எழுதுவது, கூட்டத்தின் சராசரி வயதைப் பாடகரின் வயது என்று எழுதுவதற்குச் சமம்.

தூய நொதி கிடைத்தால் இன்னும் ஆழமாகவும் போகலாம். ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசேயின் ஆல்ஃபா அமைலேஸில் 478 அமினோ அமிலங்கள் கோத்திருப்பது தெரிந்தது அப்படித்தான். 1984இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் முப்பரிமாண வடிவத்தையே எக்ஸ் கதிர் கொண்டு வெளிக்கொணர்ந்தார்கள்.

## எல்லாவற்றுக்கும் தூய்மை தேவையா?

தேவையில்லை. மாவுப்பொருளிலிருந்து குளுக்கோஸ் பாகு தயாரிக்கும் ஆலையில், முதலில் சூடு தாங்கும் பாக்டீரியா ஆல்ஃபா அமைலேஸால் நீர்க்கச் செய்து, பிறகு ஏறக்குறைய 60 டிகிரியில் பூஞ்சைக் குளுக்கோஅமைலேஸால் குளுக்கோஸாக மாற்றுகிறார்கள். அங்கே ஒற்றைப் பட்டை காட்டும் நொதி வேண்டியதில்லை. வடிகட்டிச் செறிவாக்கிய கலவை போதும். வேலையைக் கெடுக்கும் உடன்நொதிகள் மட்டும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் சரி. குளுக்கோஸைத் திரும்பக் கோத்துவிடும் நொதி ஒன்று அப்படி நீக்க வேண்டியவற்றில் சேர்ந்தது. ஒன்றைச் செய்து முடிக்கக் கலவை உதவும். ஒன்றைப் பற்றி உறுதியாகச் சொல்லத்தான் தூய்மை வேண்டும்.

## தூய்மைக்குப் பிறகும் ஒரு கேள்வி

ஆஸ்பர்ஜில்லஸ் நைகர் என்ற பூஞ்சையின் குளுக்கோஅமைலேஸைத் தூய்மைப்படுத்தினால் ஜெல்லில் பெரியதும் சிறியதுமாக இரண்டு வடிவங்கள் கிடைப்பது வழக்கம். கரைந்த மாவுப்பொருளைக் கொடுத்துச் சோதித்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்யும். வேகவைக்காத, துகளாகவே இருக்கும் மாவுப்பொருளைக் கொடுத்தால் பெரியது நன்றாக வெட்டும், சிறியது தடுமாறும். பெரிய வடிவத்தின் ஒரு முனையில் மாவுத்துகளைப் பற்றிக்கொள்ளும் ஒரு தனிப் பகுதி இருக்கிறது. வெட்டும் பகுதி வேறு, பற்றும் பகுதி வேறு. சிறிய வடிவத்தில் அந்தப் பற்றும் பகுதி இல்லை. ஆய்வகங்கள் வழக்கமாகக் கையில் எடுக்கும் கரையும் ஸ்டார்ச்சோடு சோதனையை நிறுத்தியிருந்தால், இந்த வேறுபாடு யார் கண்ணிலும் பட்டிருக்காது.